மேட்டூருக்குக் கூட ஒரு தேதி இருக்கு: இந்தியக் கால்பந்த நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

லீக்க நடத்துற பெரியவங்களுக்கும், கிளப் வெச்சிருக்குற முதலாளிங்களுக்கும்,

பிப்ரவரி 14 சீசன் ஆரம்பம்னு அறிவிச்சிட்டீங்க. 14 டீம், 91 மேட்ச், ஒவ்வொரு டீமும் இன்னொரு டீமோட ஒரே ஒரு தடவதான் மோதும், ஆளுக்கு 13 மேட்ச், அதுல சொந்த ஊர்ல ஆடுறது 6 இல்லன்னா 7. அப்பாடா எப்படியோ ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக், வந்துருச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, எங்க ஊர் டீக்கடைல கூட அதான் பேச்சு. நானும் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா ஜூலைல லீக்க நிறுத்துனதுலேருந்து நடுவுல போன ஏழு மாசத்துக்கு எங்க பக்கம் யாரும் ஒரு பதில் சொல்லல, சொல்லாமலே பந்த உருட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு நீங்க நெனைக்கிறது என்னால தாங்க முடியல, அதான் எழுதுறேன்.

நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல இருக்கேன். பகல்ல ஒரு உரக்கடைல கணக்கு எழுதுறேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன், 17 வருஷமா. இப்ப 24 பேர் வர்றாங்க, அதுல 7 பேர் பொண்ணுங்க. எங்களுக்கு கிரவுண்டுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழைல குளத்துமேட்டுல கொஞ்சம் எடம், சம்பா அறுத்ததும் வயலு. அறுத்த வயல்லயும் எல்லாத்துலயும் ஆட முடியாது, அறுப்புக்கு முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சிருவாங்க, ஒரு பெரியவர் மட்டும் பசங்க ஆடட்டும்னு ஒரு மா நெலத்த, ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு, உளுந்து தெளிக்காம விட்டுடுவார், வருஷா வருஷம். அந்த உளுந்து வித்தா அவருக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும், நான் கணக்கு எழுதுறவன். பெல்ட் போட்ட அறுப்பு மெஷின் ஓடுன தடத்த மம்முட்டியால கொத்தி சமமாக்கி, தாள் குத்தாம இருக்க ரெண்டு நாள் மாட்ட விட்டு மேயவெச்சு, மூங்கில் நட்டு கோல் போஸ்ட் கட்டுவோம். டெல்லிலயும் மும்பைலயும் உக்காந்து பேசும்போது கிராஸ்ரூட்ஸ் கிராஸ்ரூட்ஸ்னு சொல்றீங்களே, இங்க அது இந்த மூங்கில்தான்.

இந்த மூங்கில்லேருந்து போன வருஷம் ஒரு பையன் மேல போனான். பேர் போட வேண்டாம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. லெஃப்ட் பேக், இடது கால் பையன், வயசு 16. மே மாசம் வெளியூர்ல ஒரு கிளப்போட ட்ரையல்ஸுக்கு நானே கூட்டிட்டுப் போனேன், அது எந்த கிளப்னும் சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு அந்த ஒரு கிளப்போடது மட்டும் இல்ல. ரெண்டு நாள் ஆட விட்டாங்க, மொத்தம் முன்னூறு பசங்களுக்கு மேல இருக்கும், கடைசில நின்ன ஒம்பது பேர்ல இவன் ஒருத்தன். ஆகஸ்ட் மொத வாரம் வந்து சேந்துக்க, ஹாஸ்டல் சாப்பாடு ஸ்கூல் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், பூட்ஸ் மட்டும் நல்லதா வாங்கிக்கன்னு சொன்னாங்க. பத்தாவது அப்பதான் பாஸ் பண்ணியிருந்தான், அங்க போய் பதினொண்ணாவது சேரணும்னு இங்க டிசி வாங்கிட்டான். அவங்கம்மா நடவு வேலைக்குப் போறவங்க, மகளிர் குழுல அஞ்சாயிரம் லோன் போட்டு, மன்னார்குடியில கடை கடையா ஏறி எறங்கி ஒரு பூட்ஸ், ஷின் கார்டு, ஒரு தோள் பை வாங்கிக் குடுத்தாங்க. பூட்ஸ் நீலக் கலர். வாங்குனதுலேருந்து அவன் அத கால்ல போடல, அங்க போய்தான் போடுவேன்னு அட்டப்பெட்டியோட பரண்ல வெச்சிருந்தான்.

ஜூலை 11, லீக்க நிறுத்தி வெச்சிருக்கோம்னு அத நடத்துற கம்பெனி கிளப்புகளுக்கு கடிதாசி அனுப்புச்சுன்னு நியூஸ் வந்துச்சு. எனக்கு அப்பவே வயித்தக் கலக்குச்சு. மாசக் கடைசில எனக்கு ஒரு ஃபோன். சீசன் நிக்குது சார், மேலேருந்து தகவல் வந்ததும் கூப்புடுறோம், பையன இப்போதைக்கு அனுப்பாதீங்க. அவ்ளோதான். ஆகஸ்ட்ல நான் கூப்பிட்டேன், இன்னும் ஒண்ணும் தெரியல சார்னாங்க. செப்டம்பர்ல எடுக்கல. அக்டோபர்ல அந்த நம்பரே இல்ல, பேசுன அந்தத் தம்பியையும் வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன், அவர் மேல எனக்குக் கோவமே இல்ல, அவர் வீட்லயும் அடுப்பு எரியணும்ல.

பையன் டிசிய வெச்சுக்கிட்டு நின்னான். இங்க ஸ்கூல்ல மறுபடி சேத்துக்கிறோம்னாங்கதான், ஆனா அவன் போகல, ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு, ஃபுட்பால் ஆடப்போறான்னு மாலை போடாத குறையா பேசுன ஊரு, அதே வழியா பை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போக அவனால முடியல. தீபாவளிக்கு முன்னாடி அவங்க சித்தப்பா கூட திருப்பூர் போயிட்டான், பனியன் கம்பெனி.

பொங்கலுக்கு வந்தான். மாட்டுப் பொங்கலன்னைக்கு குளத்துமேட்டுல எப்பவும் பெரியவங்க சின்னவங்க கலந்து ஒரு மேட்ச் வெப்போம். அவன் அந்த அட்டப்பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். மேட்டுல உக்காந்து லேஸ முழுசா உருவி, நாக்க வெளில இழுத்து விட்டு, கால நுழைச்சுப் பாத்தான், குதிகால் உள்ள போகல. சாக்ஸ கழட்டிட்டுப் பாத்தான். தேங்கெண்ண வேணுமாடான்னு ஒரு பையன் கேட்டான், யாரும் சிரிக்கல. எட்டு மாசத்துல கால் வளந்துருச்சு. ஒரு தடவ கூட மண்ணு படாத பூட்ஸ். அவன் ஒண்ணும் சொல்லாம லேஸ மறுபடி கோத்து, பெட்டில வெச்சு, வெறுங்காலோட எறங்கி ஆடுனான். இப்ப அந்த பூட்ஸ அவன் தங்கச்சி போடுது, முன்னாடி பஞ்சு வெச்சு. அது ரைட் விங், நல்லா ஓடும்.

நீங்க தள்ளி வெச்சது உங்களுக்கு ஒரு சீசன். 16 வயசுப் பையனுக்கு அது காலு.

கோர்ட்டுல கேஸ் இருந்துச்சு, புது ஒப்பந்தம் போட முடியலன்னு சொல்வீங்க. கேஸ் இருந்தது எங்களுக்கும் தெரியும், பேப்பர் படிக்கிறோம். இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோட தேர்தல் செல்லாதுன்னு டெல்லி ஹைகோர்ட் சொன்னது 2017ல. 2022 ஆகஸ்ட்ல ஃபிஃபா இந்தியாவ சஸ்பெண்டே பண்ணி, பத்து நாள் கழிச்சு எடுத்தாங்க. சுப்ரீம் கோர்ட் புது சட்டதிட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தது 2025 செப்டம்பர் 19. எட்டு வருஷம் இழுத்த கேஸ். சரி, அத விடுங்க. ஒப்பந்தத்துக்கு வருவோம். லீக்க நடத்துற உரிமைய குடுத்து சம்மேளனமும் ரிலையன்ஸ் பக்கத்து கம்பெனியும் போட்ட அந்த ஒப்பந்தம் 2010ல போட்டது, 15 வருஷத்துக்கு, 700 கோடி, முடியுற தேதி 2025 டிசம்பர் 8. இது திடீர்னு வந்த புயல் இல்லைங்க. 15 வருஷத்துக்கு முன்னாடியே காகிதத்துல எழுதி கையெழுத்துப் போட்ட தேதி. செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல முடியுற சீசனுக்கு நடுவுல அந்த தேதி வந்து உக்காரும்னு கணக்குப் போட உரக்கடைக்காரனால முடியுது. 2023ல பேசியிருக்கலாம், 2024ல பேசியிருக்கலாம், கோர்ட்டுல போய் ஐயா இந்தத் தேதி வருது எங்களுக்கு இடைக்கால ஏற்பாடு ஒண்ணு வேணும்னு மொதல்லயே கேட்டிருக்கலாம். கடைசில அக்டோபர்ல டெண்டர் விட்டீங்க, வருஷத்துக்கு குறைஞ்சது 37.5 கோடின்னு போட்டீங்க, நவம்பர் 7ம் தேதி முடியுறப்ப ஒருத்தர் கூட டெண்டர் போடல. ஜனவரி 2ம் தேதி இந்தியாவுக்கு ஆடுன சுனில் சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் எல்லாம் சேந்து வீடியோல வந்து ஃபிஃபாகிட்ட எங்களக் காப்பாத்துங்கன்னு கேக்குற நெலமை. இந்தியாவுக்காக அத்தன கோல் அடிச்ச மனுஷன் கையேந்தி நின்னத பசங்களோட செல்ஃபோன்ல பாத்தேன். நான் பசங்ககிட்ட ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன், கேப்டன்னா நெஞ்ச நிமித்தி நிக்கணும்டான்னு. அன்னைக்கு எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்க முடியல. அதுக்கப்புறம் நாலு நாள்ல, ஜனவரி 6ம் தேதி, விளையாட்டு மந்திரி அறிவிக்கிறாரு, லீக் நடக்கும்னு. நாலு நாள்ல முடியுற காரியத்துக்கு ஆறு மாசமா?

இதே லீக் இதவிட பெரிய கஷ்டத்துல நடந்திருக்கு, அதான் எனக்கு ஆறல. 2015 டிசம்பர்ல சென்னையே தண்ணில மெதந்துச்சு. சென்னையின் எஃப்சி டீமோட செமி ஃபைனல் மொத ஆட்டம் சென்னைல நடக்க வேண்டியது, நடத்த முடியாது. நிறுத்துனீங்களா? புனேக்கு மாத்துனீங்க. டிசம்பர் 12, கொல்கத்தாவ 3-0ன்னு அடிச்சு வந்தாங்க. டிசம்பர் 20 கோவால ஃபைனல், 87வது நிமிஷத்துல கோவா 2-1, அவ்ளோதான் போச்சுன்னு எங்க ஊர் டீக்கடைல பாதிப்பேர் எழுந்து போயிட்டாங்க, 90ல கோவாக்காரங்களே தங்க கோலுக்குள்ள ஒண்ணு போட்டுக்கிட்டாங்க, 92ல நம்ம மென்டோசா அடிச்சாரு. எழுந்து போனவங்க பாலத்துலேருந்து திரும்பி ஓடி வந்தாங்க. இன்னைக்கு எங்கிட்ட வர்ற பசங்கள்ல பாதிப்பேரோட அண்ணனுங்க அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் பந்த எடுத்தாங்க. கொரோனா வந்துச்சு, ஊரே அடைச்சுக் கெடந்துச்சு, 2020 நவம்பர்ல எல்லா டீமையும் கோவால அடைச்சு வெச்சு மூணே மைதானத்துல முழு சீசன நடத்துனீங்க. ஆள் இல்லாத ஸ்டேடியம்தான், ஆனா நடந்துச்சு. வெள்ளத்துக்கு நிக்கல, நோய்க்கு நிக்கல, ஒரு கையெழுத்துக்கு நின்னு போச்சு.

நாங்க டெல்டாக்காரங்க, எங்களுக்குப் பருவம் தப்புறது புதுசு இல்ல. மேட்டூர் ஜூன் 12 திறக்கணும். 2025ல அன்னைக்கே திறந்தாங்க. 2024ல அணைல தண்ணி இல்ல, ஜூலை கடைசிலதான் திறந்தாங்க. ஆனா இல்லன்னா இல்லன்னு முன்னாடியே தெரியும். தெரிஞ்சா போர்செட்காரன் குறுவை போடுவான், மத்தவன் விட்டுட்டு ஒரேடியா சம்பாவுக்குப் போவான், ஒருத்தன் நேரடி வெதைப்பு பாப்பான், ஒருத்தன் வேற வேலைக்குப் போவான். தண்ணி வரலங்குறத விட, வருமா வராதான்னு தெரியாம நாத்த விட்டுட்டு நிக்கிறதுதான் சாவு. நாத்து முப்பது நாளுக்கு மேல நாத்தங்கால்ல நின்னா கணு விட்டுரும், அப்புறம் புடுங்கி நட்டாலும் தூர் கட்டாது. எங்க பையன நீங்க அப்படித்தான் நிறுத்துனீங்க. ஜூலைலயே இந்த வருஷம் கிடையாதுப்பான்னு நேரா சொல்லியிருந்தா அவன் டிசிய திருப்பிக் குடுத்து ஸ்கூல்லயே இருந்திருப்பான். சொல்றோம் சொல்றோம்னு வெச்சிருந்தீங்க பாருங்க, அதுதான் அவன திருப்பூர் அனுப்புச்சு.

இத ஒரு பையன் கதைன்னு தள்ளிடாதீங்க. ஆகஸ்ட்ல கிளப்புங்க ஒண்ணொண்ணா ஆட்டத்த நிறுத்துச்சு, எங்க சென்னையின் கூட. போன சீசன் 13 டீம்ல 11வது வந்தோம், அந்த வருத்தத்துல இருந்த எங்களுக்கு டீமே இருக்குமான்னு ஆயிருச்சு. நாட்டு டீம் என்ன ஆச்சு? அக்டோபர் 14 கோவால, நம்ம மைதானத்துல, சிங்கப்பூர் 2-1ன்னு ஜெயிச்சுட்டுப் போச்சு, ஆசியக் கோப்பைக்கு 2027ல நம்ம இல்ல. நவம்பர் 18 டாக்கால வங்கதேசத்துக்கிட்ட 1-0 தோல்வி, 22 வருஷத்துல மொத தடவ. லீக் ஆடாத காலு எப்படிங்க ஓடும்? டிசம்பர்ல மும்பை சிட்டிய வெச்சிருந்த வெளிநாட்டுக் குழு மூட்டையக் கட்டிட்டுப் போயிருச்சு. இப்ப ஆடப் போற 13 மேட்சும் பத்தாது, ஆசியப் போட்டிக்குப் போற டீம் சீசனுக்கு 24 மேட்ச் ஆடணும்னு இருக்கு, அதுக்கும் விலக்கு கேட்டு நிக்கணும்.

தமிழ்நாட்டுக்காரனா இன்னொண்ணும் சொல்லணும். ஐஎஸ்எல் மாதிரி ஐ-லீக்னு இன்னொரு தேசிய லீக் இருந்துச்சு, 2018-19ல அத ஜெயிச்சது யாரு? சென்னை சிட்டி, கோயம்புத்தூர்ல ஆடுன டீம். கடைசி மேட்ச்ல மினர்வா பஞ்சாப் டீம 3-1ன்னு அடிச்சு நாட்டுக்கே சாம்பியன். எங்க பசங்க நாலு பேர பஸ் ஏத்தி அந்த சீசன்ல ஒரு மேட்ச் காட்டக் கூட்டிட்டுப் போனேன், ராத்திரி பஸ்ஸ்டாண்டுல படுத்துக் கெடந்துட்டு வந்தோம். இன்னைக்கு அந்த டீம் எந்த தேசிய லீக்லயும் இல்ல. சாம்பியன் ஆன டீமே இப்படிக் காணாம போக முடியும்னு பாத்தவங்க நாங்க. அதனால சும்மா ஒரு வருஷம்தானே தள்ளிப்போச்சுன்னு யாராவது சொன்னா எங்களால நம்ப முடியாது.

மேட்ச் பாக்க வர்றவங்களப் பத்தி ஒரு வார்த்த. எங்க ஊர்லேருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில். நேரு ஸ்டேடியத்துல ஏழரைக்கு ஆரம்பிச்சா ஒம்பதரைக்கு முடியும், பெரியமேட்டுலேருந்து எழும்பூருக்கு ஓட்டமும் நடையுமா போய் அன்ரிசர்வ்டுல ஏறி, விடிய ஊர் வந்து, பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு நான் கடைக்குப் போவேன். வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் இப்படி. அதுக்கு கூலி வேலைக்குப் போற அம்மா அப்பாகிட்ட ஒரு மாசம் முன்னாடி சொல்லணும், காசு சேக்கணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அட்டவணை போட்டா சென்னைல இருக்குறவன் வருவான், நாங்க எப்படி வருவோம்?

கேக்குறது இதுதான்.

2026-27 சீசன் எந்தத் தேதி ஆரம்பிக்குதுங்கறத இந்த வருஷம் ஜூன் 12க்குள்ள அறிவிங்க. மேட்டூர் திறக்குற அன்னைக்கு எங்களுக்கு லீக் தேதியும் தெரியணும். நடத்த முடியாதுன்னா அதையும் அன்னைக்கே சொல்லுங்க, பரிசீலனைல இருக்குங்குற வார்த்த வேண்டாம். அடுத்த சீசன் முழு சீசனா, ஒவ்வொரு டீமும் சொந்த ஊர்லயும் வெளியூர்லயும் ஆடுற மாதிரி இருக்கணும்.

அப்புறம், பெரிய லீக் நின்னாலும் சின்னப் பசங்க லீக் நிக்கக் கூடாதுன்னு விதியே எழுதுங்க. 13, 15, 17 வயசுக்குள்ள நடக்குற போட்டிக்கான காச தனிக் கணக்குல போட்டு வெய்யுங்க, யார் யாரோட சண்ட போட்டாலும் அதுல கை வெக்கக் கூடாது. இது எனக்கு மத்த எல்லாத்த விட முக்கியம், மத்தது ஒண்ணும் செய்யலன்னாலும் இத செய்யுங்க.

ட்ரையல்ஸ்ல ஒரு பையனையோ பொண்ணையோ எடுத்தா, வாய் வார்த்தையா வேண்டாம், கிளப் முத்திரையோட ஒரு கடிதம் அப்பா அம்மா கைல குடுக்கணும், தமிழ்ல. எந்தத் தேதிக்குள்ள சேரணும், சேக்க முடியலன்னா எத்தன நாளுக்குள்ள சொல்லுவோம், யார்கிட்ட கேக்கணும், எல்லாம் அதுல இருக்கணும். அது வராம யாரும் டிசி வாங்காதீங்கன்னு இனிமே நான் இங்க சொல்லப் போறேன், நீங்களும் சொல்லுங்க. இந்த ஏழு மாசத்துல சம்பளம் நின்னு போன கோச்சுங்க, பிசியோ, புல்லு வெட்டுறவங்க, கிட் மேன், எல்லாருக்கும் பாக்கிய குடுத்து முடிச்சுட்டு அடுத்த சீசனுக்கு லைசென்ஸ் குடுங்க.

திருச்சி அண்ணா ஸ்டேடியமும் தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியமும் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டுல ஒரு எடத்துல, டெல்டா பசங்களுக்கு ட்ரையல்ஸ் வெய்யுங்க. நாங்க ஆள் கூட்டிட்டு வர்றோம்.

கடைசியா, 2025 கோடைல ட்ரையல்ஸ்ல எடுத்துட்டு அப்புறம் கூப்பிடாம விட்ட பசங்களோட லிஸ்ட் ஒவ்வொரு கிளப்புலயும் இருக்கும். அந்த லிஸ்ட்ட எடுத்து, மார்ச் மாசத்துக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோன் பண்ணுங்க. எங்க பையனுக்கு இப்ப 17 ஆகப் போகுது. ஞாயித்துக்கிழமை லீவு அவனுக்கு, பகல்ல கூப்பிட்டா எடுப்பான்.

இப்படிக்கு,
உளுந்து தெளிக்காத அந்த ஒரு மா நெலத்துல பந்து சொல்லித் தர்றவன்
மன்னார்குடி பக்கம், 2026 பிப்ரவரி